வக்கீலைப் பாக்குறதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ் குமாஸ்தாவைப் பாருங்க

கேஸ்னு ஒண்ணு வந்துட்டா நாம எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், நல்ல வக்கீல் யாராவது தெரியுமா. நானும் அதைத்தான் கேட்டேன், நல்ல பேரு இருக்குற ஒருத்தரைத்தான் சொன்னாங்க, அவரு நிஜமாவே சட்டம் தெரிஞ்சவருதான், அதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல. ஆனா அவரு ஆபீஸ்ல கேஸ் கட்டைக் கையில எடுத்து தேதி பாத்து கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் நடக்குறதுக்கு ஒரு நிலையான ஆள் இல்ல. அந்த ஒரு காரணத்துக்காக எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல போச்சு, பணமும் போச்சு. இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நான் வேற மாதிரி தேடியிருப்பேன், அதனாலதான் உக்காந்து எழுதுறேன். செக் பவுன்ஸ் கேஸ் போடப்போறவங்களுக்கு இது நேரடியா உதவும், வக்கீல் ஆபீஸ் நடத்துறவங்களும் அங்க வேலைக்குச் சேரப்போறவங்களும் படிச்சா நல்லது.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு லேபிள், பட்டன், எலாஸ்டிக் சப்ளை பண்றவன். ஒரு பார்ட்டி ரொம்ப நாளா வாங்கிட்டு இருந்தவரு, பாக்கி ஏறி ஏறி கடைசியில 4,80,000க்கு ஒரு செக் கொடுத்தாரு. பேங்க்ல போட்டேன், அக்கவுண்ட்ல பணம் இல்லைன்னு ரிட்டர்ன் மெமோவோட திரும்பி வந்துச்சு. அந்தச் சரக்குக்கு ஜி.எஸ்.டி. நான் ஏற்கனவே கையில இருந்து கட்டியிருந்தேன், நூல் கடைக்காரருக்கும் டையிங்காரருக்கும் நான் கொடுக்கவேண்டியது தனியா நிக்குது, பேங்க்ல வாங்கின ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கடனுக்கு வட்டி மாசாமாசம் ஓடுது. ராத்திரி தூக்கமே இல்ல. வீட்டுல சொன்னா பயந்துடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல, நானே தனியா ஓடினேன்.

முதல்ல போன ஆபீஸ்ல 25,000 ஃபீஸ் வாங்கினாங்க. நோட்டீஸ் நேரத்துக்குப் போச்சு, அதைச் சொல்லியே ஆகணும். செக் திரும்பினதா பேங்க்ல இருந்து தகவல் வந்த நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், எதிராளி அதை வாங்கின நாள்ல இருந்து பணம் கட்ட 15 நாள் டைம், அதுக்குள்ள கட்டலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல கம்ப்ளைண்ட் போடணும், செக் பவுன்ஸுக்குப் போடுற 138 கேஸோட (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆக்ட் 138வது பிரிவு) எலும்புக்கூடே இந்த மூணு தேதிதான். கம்ப்ளைண்ட் லேட்டானா காரணம் சொல்லி மன்னிப்பு மனு போட சட்டத்துல வழி இருக்கு, நோட்டீஸ் 30 நாளைத் தாண்டிட்டா அந்த மாதிரி வழி இல்ல. இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. கையெழுத்து போடச் சொன்ன இடத்துல எல்லாம் போட்டேன், "ஃபைல் பண்ணியாச்சு, நம்பர் ஆனதும் சொல்றோம்"னாங்க, நம்பி வந்துட்டேன். கோர்ட் பேப்பரை ஏத்துக்கிட்டு கேஸ் நம்பர் கொடுக்குறதைத்தான் நம்பர் ஆகுறதும்பாங்க.

அதுக்கப்புறம் மாசக்கணக்குல அதே பதில். போன் பண்ணா ஒரு தடவை ஒரு ஜூனியர் எடுப்பாரு, அடுத்த தடவை வேற ஜூனியர், அவருக்கு என் கேஸ் என்னன்னே தெரியாது, முதல்ல இருந்து கதை சொல்லணும். "கோர்ட்ல ஆள் இல்ல", "லீவு", "இன்னும் நம்பர் ஆகல". சீனியரைப் பாக்க முடிஞ்சா அவரு "பாத்துச் சொல்லச் சொல்றேன்"பாரு, யார்கிட்ட சொல்லுவாருன்னு அவருக்கே தெரியாது, ஏன்னா பழைய குமாஸ்தா வேலையை விட்டுப் போயிட்டாரு, புது ஆள் யாரையும் போடல. அவரு போனப்ப அவரு கைல இருந்த நோட்டும் போயிடுச்சு, எந்தக் கட்டு எந்த கோர்ட்ல எந்த நிலைமைல இருக்குன்னு சொல்ல அங்க ஆளே இல்லாம போச்சு.

பொறுமை போயி ஒரு நாள் நானே கோர்ட்டுக்குப் போயி ஃபைலிங் செக்ஷன்ல விசாரிச்சேன். அங்க இருந்தவரு ரிஜிஸ்தரைப் புரட்டிப் பாத்துட்டு, "இது ரிட்டர்ன் ஆகி ரொம்ப நாள் ஆச்சே, யாரும் வந்து வாங்கலையே"ன்னாரு. எனக்கு அப்ப ரிட்டர்ன்னா என்னன்னு கூடத் தெரியாது. நாம கொடுக்குற பேப்பர்ல குறை இருந்தா கோர்ட் அதுமேலயே குறையை எழுதி, இத்தனை நாளைக்குள்ள சரிபண்ணி திரும்பக் கொடுன்னு திருப்பிடும், குமாஸ்தா அதை எடுத்துட்டு வந்து சரிபண்ணி ரீ-பிரசென்ட் பண்ணணும். கேஸ் தள்ளுபடி ஆகல, எதிராளி ஜெயிக்கல, ஜட்ஜ் முன்னாடி கூடப் போகல, வெறுமனே எடுக்க ஆள் இல்லாம ஒரு மூலைல கெடந்துச்சு. குறையும் பெருசா ஒண்ணும் இல்ல, எதிராளி அட்ரஸ்ல கதவு எண் நோட்டீஸ்ல ஒண்ணு கம்ப்ளைண்ட்ல ஒண்ணு, நான் ப்ரொப்ரைட்டர்ங்கிறதுக்கு ஆதாரம் வைக்கல, டாக்குமெண்ட் லிஸ்ட்ல இருக்குற ஒரு பில்லோட நகல் உள்ள இல்ல. அரை நாள் வேலை. அன்னைக்கு கோர்ட் வாசல்ல நின்னு அழுகையை அடக்கினது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த மாசங்கள்ல எதிராளி கடையைக் காலி பண்ணிட்டு வேற இடத்துக்குப் போயிருந்தாரு.

கட்டைத் திருப்பிக் கேட்டா பாக்கி ஃபீஸ் கட்டுங்கன்னாங்க. இந்த நிலைமை யாருக்கும் வரலாம், அதனால தெரிஞ்சு வெச்சுக்கங்க, ஃபீஸ் பாக்கி இருக்குன்னு சொல்லி வக்கீல் கட்சிக்காரரோட கட்டைப் பிடிச்சு வெச்சுக்க முடியாதுன்னு 2000ம் வருஷமே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. நான் சண்டை போடாம எழுத்துல கேட்டேன், கொடுத்துட்டாங்க. ஒரிஜினல் செக்கும் மெமோவும் உள்ள இருக்கான்னு அங்கயே உக்காந்து பாத்துட்டுத்தான் எழுந்தேன்.

ரெண்டாவது ஆபீஸுக்கு ஒரு வியாபாரி அண்ணன் அனுப்பினாரு. அவரு வக்கீலோட பேரைச் சொல்லிட்டு கூடவே சொன்னாரு, "அங்க ஒரு குமாஸ்தா அம்மா இருக்காங்க, அவங்க கைக்குக் கட்டு போனா நீ நிம்மதியா இருக்கலாம்"னு. அம்பது வயசு இருக்கும், இருபது வருஷத்துக்கு மேல கோர்ட் லைன்ல இருக்காங்க, நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். நான் உக்காந்ததும் கதை சொல்ல ஆரம்பிச்சேன், கையமர்த்திட்டு "தம்பி, கதை அப்புறம் சார்கிட்ட சொல்லுங்க, முதல்ல எனக்குத் தேதி சொல்லுங்க"ன்னாங்க. செக் தேதி, மெமோ வந்த தேதி, நோட்டீஸ் தபால்ல போட்ட தேதி, அக்னாலட்ஜ்மென்ட் கார்டுல எதிராளி கையெழுத்து போட்ட தேதி, கம்ப்ளைண்ட் கொடுத்த தேதி, ரிட்டர்ன் ஆன தேதி, எல்லாத்தையும் ஒரு தாள்ல வரிசையா எழுதினாங்க, ஒவ்வொண்ணுக்கும் நேரா அதைக் காட்டுற பேப்பர் இருக்கான்னு பாத்து டிக் பண்ணாங்க. நான் வாயால சொன்ன எந்தத் தேதியையும் அவங்க ஏத்துக்கல, பேப்பரைக் காட்டினாத்தான் எழுதினாங்க. நல்ல குமாஸ்தாவுக்கு முதல் அடையாளமே இதுதான்னு நான் அன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டேன், கட்சிக்காரர் மேல இரக்கம் இருக்கும், ஆனா அவரு ஞாபகத்தை நம்பமாட்டாங்க.

அப்புறம் செக் நம்பரை விரலை வெச்சு ஒவ்வொரு இலக்கமா நோட்டீஸோட ஒப்பிட்டாங்க, தொகையை எண்ணுலயும் எழுத்துலயும் ஒப்பிட்டாங்க. நோட்டீஸ்ல கேக்குற தொகை செக்ல இருக்குற தொகையாவே இருக்கணும், வட்டி, செலவு எதாவது கேக்குறதா இருந்தா தனியாப் பிரிச்சு எழுதணும், எல்லாத்தையும் கூட்டி ஒரே தொகையா கேட்டா நோட்டீஸே செல்லாம போகலாம்னு அப்பத்தான் தெரிஞ்சுகிட்டேன். நல்லவேளை என் நோட்டீஸ்ல அது சரியா இருந்துச்சு. என் பேங்க் கிளை எதுன்னு கேட்டாங்க, எதுக்குன்னா எதிராளி எந்த ஊர்ல இருந்தாலும் நாம செக்கைப் போட்ட நம்ம அக்கவுண்ட் இருக்குற கிளை எந்த கோர்ட் எல்லைக்குள்ள வருதோ அங்கதான் கேஸ் போடணும், 2015ல சட்டத்தைத் திருத்தினதுல இருந்து இப்படி. செக் இன்னும் செல்லுபடியாகுற 3 மாசத்துக்குள்ள இருக்கான்னும் பாத்தாங்க. இருந்திருந்தா மறுபடி பேங்க்ல போட்டு, திரும்பினா புதுசா நோட்டீஸ் கொடுத்து கேஸை முதல்ல இருந்து சுத்தமா ஆரம்பிக்கலாம், ரெண்டாவது தடவை திரும்பினதை வெச்சும் கேஸ் போடலாம்னு 2012ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. எனக்கு அந்த 3 மாசம் எப்பவோ முடிஞ்சிருந்துச்சு. முதல் ஆபீஸ்ல ஒரே ஒருத்தர் இதை ஒரு டைரில எழுதி வெச்சிருந்தா எனக்கு அந்த வழியும் திறந்து இருந்திருக்கும், இதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

இவ்வளவும் பாத்துட்டு "கேஸ் நிக்குமாக்கா"ன்னு கேட்டேன். "அதைச் சார்தான் சொல்லணும் தம்பி. தேதி கேளுங்க, பேப்பர் கேளுங்க, நான் சொல்றேன். ஜெயிக்குமா தோக்குமான்னு நான் சொல்லக்கூடாது"ன்னாங்க. இருபது வருஷ அனுபவத்துல அவங்களுக்குத் தெரியாம இருக்காது, இருந்தும் சொல்லல. அட்வகேட்ஸ் ஆக்ட் 1961 படி கோர்ட்ல தொழில் பண்ற உரிமை வக்கீலுக்கு மட்டும்தான், குமாஸ்தா தன் வாயால சட்ட ஆலோசனை கொடுக்க ஆரம்பிச்சா அது கட்சிக்காரருக்கும் ஆபத்து, அந்த ஆபீஸுக்கும் ஆபத்து. "நான் முடிச்சுத் தரேன், சார்கிட்ட போகவேண்டாம்"னு சொல்ற குமாஸ்தா எங்கயாவது கிடைச்சா அங்க இருந்து எழுந்து வந்துடுங்க. தெரிஞ்சும் தன் எல்லையைத் தாண்டாத ஆள்தான் ஆபீஸுக்குச் சொத்து.

வக்கீல் சார் ஒரு மணி நேரத்துல முடிவு பண்ணிட்டாரு, ஏன்னா அவரு முன்னாடி அந்த ஒரு தாள் இருந்துச்சு. அதைப் பாத்தே, கம்ப்ளைண்ட் முதல்ல டைமுக்குள்ளதான் போயிருக்கு, ரீ-பிரசென்டேஷன்லதான் தாமதம், அதுக்கு மனுவும் அஃபிடவிட்டும் (பிரமாணப் பத்திரம்) போடலாம்னு சொன்னாரு. ஒரு சீனியரோட நேரத்தை மிச்சம் பண்றதுன்னா இதுதான். அவரு மூளை சட்டத்துக்கு மட்டும் செலவாகணும், கட்டைப் பிரிச்சு மெமோ எங்கன்னு தேடுறதுக்கு செலவாகக்கூடாது. அஃபிடவிட் டைப் ஆனதும் அக்கா அதை சார்கிட்ட கொடுக்காம முதல்ல என்னைப் படிக்கச் சொன்னாங்க, புரியலைன்னா வரி வரியா தமிழ்ல சொன்னாங்க. ஒரு இடத்துல ஒரு தேதி தப்பா இருந்துச்சு, "சார், இது இப்படியே போகக்கூடாது, மறுபடி எடுத்துடலாம்"னு நேரா சொன்னாங்க. சாயந்தரம் ஆயிடுச்சு, சாருக்கு அவசரம், ஆனாலும் விடல. முதலாளிகிட்ட மரியாதையா, ஆனா பயப்படாம "இது தப்பு"ன்னு சொல்லத் தெரியணும், அந்த குணம் எல்லாருக்கும் வராது. மனுவை கோர்ட் கொஞ்சம் காஸ்ட் (செலவுத் தொகை) கட்டச் சொல்லி ஏத்துக்கிச்சு, கேஸ் நம்பர் ஆச்சு.

நம்பர் ஆன அன்னைக்கே எனக்கு சி.என்.ஆர். நம்பரை மெசேஜ்ல அனுப்பினாங்க. இது ஒவ்வொரு கேஸுக்கும் இருக்குற, இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க நம்பர், இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டா அடுத்த வாய்தா எப்ப, போன வாய்தாவுல என்ன நடந்துச்சுன்னு நீங்களே பாத்துக்கலாம், காசு எதுவும் இல்ல. கேஸ் நம்பர் ஆகியும் இந்த எண்ணைக் கொடுக்கத் தயங்குற ஆபீஸை நான் இனிமே நம்பமாட்டேன். நம்பரே ஆகலைன்னு சொன்னா என்னைக்கு ஃபைல் பண்ணாங்க, ரிட்டர்ன் ஆச்சா, ரிட்டர்ன்ல என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

சம்மன் அனுப்ப பேட்டா (அதுக்கு கோர்ட்ல கட்டுற கட்டணம்) கட்டினதும் அவங்கதான், அதைக் கட்டாம விட்டாலே கேஸ் பல வாய்தா தள்ளிப் போயிடும். முதல் சம்மன் ஆள் இல்லைன்னு திரும்பிடுச்சு. நான் இடிஞ்சு போயிட்டேன். அக்கா அசரல, எதிராளியோட ஜி.எஸ்.டி. நம்பர் பில்லுல இருக்கும்ல, அதை ஜி.எஸ்.டி. போர்ட்டல்ல போட்டு பாருங்க, பதிவு பண்ணின முகவரி வரும்னு சொன்னாங்க. பாத்தா புது இடத்தோட முகவரி அதுல ஏறியிருந்துச்சு. வீட்டு முகவரியையும் விசாரிச்சு ரெண்டுக்கும் சேத்து அனுப்பினாங்க, வந்து சேந்துச்சு. இதுக்குப் பெரிய படிப்பு வேணாம், பேப்பர்ல இருக்குற ஒவ்வொரு எழுத்தும் எதுக்காவது உதவும்னு நினைக்குற புத்தி வேணும்.

கேஸ் நடக்குறப்ப எதிராளி பக்கத்துல இருந்து ஒருத்தர் அந்த ஆபீஸுக்கே வந்து, எனக்கு வேண்டப்பட்டவர் மாதிரி பேசி, நான் எவ்வளவுக்கு இறங்கி வருவேன்னு அக்காகிட்ட துருவியிருக்காரு. அவங்க "அப்படி எந்த விவரமும் நான் பேசறதில்லைங்க"ன்னு அனுப்பிட்டு உடனே சார்கிட்டயும் என்கிட்டயும் சொல்லிட்டாங்க. கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொல்ற ரகசியத்துக்கு இருக்குற பாதுகாப்பு வக்கீலோட குமாஸ்தாவுக்கும் பொருந்தும்னு பழைய எவிடென்ஸ் ஆக்ட் 127வது பிரிவுலயே இருந்துச்சு, 2024 ஜூலை 1ல நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துலயும் அது தொடருது. ஆனா சட்டத்துல எழுதியிருக்குறது வேற, டீக்கடைல வாயைத் திறக்காம இருக்குறது வேற. நீங்க ஒரு ஆபீஸுக்குப் போனா காத்திருக்குற நேரத்துல கவனிங்க, அங்க வேலை பாக்குறவங்க அடுத்தவங்க கேஸைப் பத்தி உங்க முன்னாடியே பேசினா, உங்க கேஸையும் அப்படித்தான் பேசுவாங்க.

இன்னொண்ணு, இது எனக்கு சுத்தமா தெரியாத விஷயம். செக் கேஸ் ஒரு பக்கம் ஓடினாலும், பணத்தை வசூல் பண்ண சிவில் கேஸ் போடுறதுக்கு இருக்குற 3 வருஷக் கணக்கு அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், இது நடக்குதேன்னு அது நிக்காது. அக்கா என் பில் தேதிகளைப் பாத்து அந்த 3 வருஷம் முடியுற நாளைக் கணக்குப் போட்டு, அதுக்கு ஆறு மாசம் முன்னாடி ஒரு தேதில ஞாபகக் குறிப்பு எழுதி வெச்சாங்க, ஆபீஸ் டைரில ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஒண்ணு, என் போன்லயும் என்னையே போடச் சொன்னாங்க. "நான் நாளைக்கு இல்லைன்னாலும் இந்தத் தேதி இருக்கணும்ல"ன்னாங்க. அதைக் கேட்டப்ப எனக்கு முதல் ஆபீஸ்தான் ஞாபகம் வந்துச்சு, அங்க எல்லாம் ஒரு ஆளோட தலைக்குள்ள இருந்துச்சு. எல்லாம் எனக்குத் தெரியும்னு மனசுல வெச்சுக்குற ஆளை விட, தான் லீவு போட்டா வேற யாரு வந்தாலும் எடுத்துப் பாத்து புரிஞ்சுக்குற மாதிரி எழுதி வெக்குற ஆள் ஆபீஸுக்கு ரொம்பப் பெரிய பலம்.

எதிராளி வந்து குற்றத்தை மறுத்ததும் சார் அதே செக் சட்டத்தோட 143ஏ பிரிவுல இடைக்கால இழப்பீடு கேட்டு மனு போட்டாரு, செக் தொகைல 20 சதவீதம் வரைக்கும் கோர்ட் நினைச்சா கொடுக்கச் சொல்லலாம், 2018ல வந்த திருத்தம் இது. அந்த மனு போனதும் அவங்க பக்கம் இருந்து சமாதானப் பேச்சு வந்துச்சு. கடைசியில 3,60,000க்கு தவணையா முடிச்சுக்கிட்டோம். 1,20,000 நேரடியா விட்டேன், முதல் ஆபீஸுக்குக் கொடுத்த ஃபீஸ், அத்தனை மாச ஓ.டி. வட்டி எல்லாம் தனி. சீக்கிரமே நம்பர் ஆகி, அவரு கடை அங்கயே இருந்தப்ப சம்மன் போயிருந்தா முழுசும் வாங்கியிருக்கலாம்ங்கிறது என் எண்ணம், சாரும் அதைத்தான் சொன்னாரு.

ஆபீஸ் நடத்துற வக்கீல்களுக்கு ஒரு கட்சிக்காரனா நான் சொல்றது, இந்த மாதிரி ஒரு ஆள் உங்ககிட்ட இருந்தா அவங்களுக்கு ஒழுங்கா சம்பளம் கொடுங்க, கட்சிக்காரர்கிட்ட செலவுக்குன்னு வாங்கித்தான் அவங்க பொழைக்கணும்ங்கிற நிலைமைல வெக்காதீங்க. நான் அந்த ஆபீஸுக்கு இதுவரைக்கும் அனுப்பின எல்லா வியாபாரிகளையும் அந்த அக்காவை நம்பித்தான் அனுப்பினேன், அவங்க வேற ஆபீஸ் போனா நாங்களும் பின்னாடியே போயிடுவோம், இது அந்த சாருக்கும் தெரியும். இந்த வேலைக்கு வரணும்னு நினைக்குற பிள்ளைங்களுக்கு, டைப்பிங்கும் இ-ஃபைலிங்கும் ஆறு மாசத்துல வந்துடும், தேதியைத் தன் வீட்டுக் காரியமா நினைச்சுக் காக்குறதுதான் வரணும், அதோட கட்சிக்காரர் போன் பண்ணா "ஒண்ணும் ஆகல"ங்கிறதைக் கூட நேரா சொல்லணும். ஒண்ணும் ஆகலைன்னு உண்மையைச் சொன்னா நாங்க தாங்கிக்குவோம், "ஆயிட்டே இருக்கு"ன்னு மாசக்கணக்குல கேக்குறதைத்தான் தாங்க முடியாது.

புதுசா ஒரு ஆபீஸுக்குப் போறவங்க முதல் நாளே மூணு விஷயம் கேட்டுடுங்க. என் கட்டை யாரு பாப்பாங்க, அவங்க பேரும் போன் நம்பரும் வேணும். நான் கொடுக்குற ஒரிஜினலுக்கு ஒரு லிஸ்ட் போட்டு கையெழுத்து வேணும். அடுத்து செய்யவேண்டிய காரியத்துக்கு கடைசி நாள் எது. இதுக்கு தயங்காம பதில் வந்தா உக்காருங்க. கேஸ் முடிஞ்ச பிறகும் வேலை இருக்கு, உத்தரவோட சர்டிஃபைட் காப்பிக்கு மனு போட்டு வாங்கி வெச்சுக்கங்க, கோர்ட்ல தாக்கல் பண்ணின உங்க ஒரிஜினல் பேப்பர் எல்லாத்தையும் திரும்பக் கேட்டும் மனு போடணும், நாமளா கேக்காம அது வீடு தேடி வராது.